7.5 சதுர மீட்டர் பாய், 58 கிலோ ஆள்: கோத்தகிரித் தோட்டத்து ஏரியில் ஒரு விண்ட்சர்ஃபிங் நிகழ்வு ஆய்வு

மலையில் காற்று லேசு, அதனால் பாயைப் பெரிதாக எடு. மிதக்கும் பலகையில் நின்று, காற்றில் விரியும் பாயைக் கையில் பிடித்து ஓட்டும் விண்ட்சர்ஃபிங் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லும் முதல் யோசனை இது. கணக்குப் பார்த்தால் பிழையில்லை. அந்தச் சரியான கணக்கைக் கேட்டுத் தவறான பாயை வாங்கிய இருவரைப் பற்றி எழுதுகிறேன். பணியில் இருந்த காலத்தில் படகுச் சங்கங்களில் பாய் பிடித்துப் பழகியவன் என்பதால் கடைசியில் என்னைத் தேடி வந்தார்கள். பெயர்கள் தேவையில்லை. ஒருவர் தோட்டத்துக்காரரின் மகன், 58 கிலோ. மற்றவர் அவருடைய அக்காவைக் கட்டியவர், 84 கிலோ. வீட்டு முறைப்படியே தம்பி, மாமா என்று குறிப்பிடுகிறேன்.

இடம்

கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டா பக்கம் ஏறும் சரிவில் அவர்களுடைய தேயிலைத் தோட்டம். உயரம் சுமார் 1,900 மீட்டர். ஓடையை மறித்து முன்னோர் கட்டிய ஏரி தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நாற்றங்காலுக்கும் மருந்தடிக்கவும் தண்ணீர் அதிலிருந்துதான் போகிறது. நீளம் நானூறு மீட்டர் இருக்கும், அகலம் அதில் பாதிகூட வராது. மேற்குக் கரையில் சில்வர் ஓக்கும் கற்பூர மரமும் நெருக்கமாக நிற்கின்றன. கிழக்குக் கரை பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது.

சொந்த ஏரி என்பது இந்த மாவட்டத்தில் சின்ன விஷயமில்லை. உதகை, பைக்காரா ஏரிகளில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லங்கள் ஓடுகின்றன. நம் பலகையை அங்கே இறக்க முடியாது. எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் மின்வாரிய அணைகள், சுற்றிலும் வனத்துறை. அனுமதியில்லாமல் கால் வைப்பதே குற்றம். ஆகவே வேறு யாரும் கேட்க முடியாத தண்ணீர் கையில் இருந்ததுதான் இவர்களுக்கு இந்த ஆசை வந்ததற்கே காரணம்.

காற்று எப்படி? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் மலையேறி மழையைக் கொட்டிவிட்டு, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிறது. கோத்தகிரிக்கு அந்த மாதங்களில் மழை குறைவு. அதன் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை குறைவு என்பதால் விளையாட ஏற்ற பருவம் என்று தோன்றும். ஆனால் முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று, ஓடையில் பாறையைத் தாண்டி விழும் தண்ணீரைப் போல, சீராக வராது. சுழன்று, நின்று, மறுபடி ஒரேயடியாக விழும். இந்தச் சம்பவத்தில் முக்கால் பங்கு விஷயம் இதுதான்.

வாங்கிய செட்

கடற்கரை ஊர் ஒன்றில் ஒருவரிடமிருந்து பழைய செட்டாக எடுத்து வந்தார்கள். 180 லிட்டர் கன அளவுள்ள போர்டு (பலகை), அதன் நடுவில் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றும் தகடான டேகர்போர்டு, 7.5 சதுர மீட்டர் பாய், 460 செ.மீ. மாஸ்ட் (பாய்மரம்), பாயைப் பிடிக்கும் கைப்பிடிச் சட்டமான பூம். போர்டில் குறையே இல்லை. கற்பவர்களுக்கு, கிலோவில் உடல் எடை எவ்வளவோ அதைவிட நூறு லிட்டர் அளவுக்குக் கூடுதலான போர்டு நல்லது. 58 கிலோவுக்கும் 84 கிலோவுக்கும் அது போதுமானதே.

பாயைப் பற்றித்தான் பேச்சு. விற்றவர் சொன்னாராம்: "உங்க ஊர்ல காத்து லேசுங்க. இங்க 6.2 பிடிக்கிறவன் அங்க 7.5 பிடிச்சாத்தான் சரியா இருக்கும்." தம்பிக்கு அது நியாயமாகப் பட்டது. பாரிஸ் ஒலிம்பிக்கை டிவியில் பார்த்திருந்ததும் ஒரு காரணம். 2024இல் அங்கே ஓடிய ஐகியூஃபாயில் என்ற விண்ட்சர்ஃபிங் பந்தய வகுப்பில் ஆண்களுக்கு 9 சதுர மீட்டர், பெண்களுக்கு 8. அதற்கு முந்தைய ஆர்எஸ்:எக்ஸ் வகுப்பில் 9.5, 8.5. பெரிய பாய்தான் அசல் பாய் என்ற எண்ணம் இப்படித்தான் வருகிறது. அந்த வீரர்கள் மெல்லிய காற்றிலும் பந்தயம் ஓடியாக வேண்டும், ஒரே அளவில் எல்லா நாளும் ஓடியாக வேண்டும், அதற்காக வருடக்கணக்கில் உடம்பைத் தயார் செய்தவர்கள். தோட்டத்து ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏரியில் நடந்தது

தம்பியால் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கவே முடியவில்லை. விண்ட்சர்ஃபிங்கில் பாய் முதலில் தண்ணீரில் படுத்திருக்கும்; போர்டின் மேல் நின்று அப்ஹால் கயிற்றைப் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். 7.5 பாயின் மாஸ்ட் உறைக்குள் தண்ணீர் ஏறிவிடும், மேல்பரப்பிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். முதுகைக் கொடுத்து இழுத்து, பாதி எழும்போது ஒரு வீச்சு, அதாவது திடீர்க் காற்று, வந்தால் பாய் மறுபக்கம் சாய்ந்து ஆளையும் சேர்த்துத் தள்ளிவிடும். ஜூலையில் அந்தத் தண்ணீர் கை விறைக்கும் குளிர். சில முறை விழுந்து ஏறினாலே விரல்கள் கயிற்றைப் பிடிக்க மறுக்கின்றன.

மாமா தூக்கிவிட்டார். ஓட்டியும் விட்டார். ஆனால் அவர் ஓட்டம் எல்லாம் ஒரு பக்கத்துக்குத்தான். மேற்குக் கரையிலிருந்து கிளம்பினால் கிழக்குக் கரை வரை போவார். திரும்பி வரும்போது வீச்சு வந்து பாய் கையைவிட்டுப் பறக்கும், இல்லையேல் அவரைத் தூக்கி முன்னால் எறியும். கடைசியில் தோட்டத்து ஆட்கள் கயிறு போட்டு இழுத்து வருவார்கள். "காத்தே இல்லாத மாதிரி இருக்கும் சார், சரி இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிப்போம்னு நெனச்சா, யாரோ பின்னாடியிருந்து தள்ளின மாதிரி போயிடுது" என்றார். இதைவிடத் துல்லியமாக நானும் சொல்ல முடியாது.

பழக்கம் போதவில்லை, போகப் போகச் சரியாகும் என்பது தோட்டத்துக்காரரின் எண்ணம். பழக்கம் போதாதது உண்மை. ஆனால் இந்தப் பாயை வைத்துக்கொண்டு பழகவே முடியாது என்பதுதான் என் முடிவு. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

விற்றவர் சொன்னது சரிதானா?

பாயில் விழும் விசை நான்கைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, பாயின் பரப்பு, காற்று வேகத்தின் வர்க்கம், பாயின் வடிவமும் அதைப் பிடிக்கும் கோணமும். உயரம் மாற்றுவது முதலாவதை மட்டும்.

வெயில் காயும் கடற்கரையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.15 கிலோ எடை இருக்கும். 1,900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால் அது 0.97 கிலோ அளவுக்கு இறங்குகிறது. மலையின் குளிர் இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. இல்லாவிட்டால் இன்னும் குறையும். ஆக மொத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒரே வேகத்தில் அடிக்கும் காற்றில், கடற்கரையில் கிடைக்கும் அதே இழுப்பு இங்கே கிடைக்க வேண்டுமானால் பாயின் பரப்பை 1.19 மடங்காக்க வேண்டும். 6.2ஐ 1.19ஆல் பெருக்கினால் சுமார் 7.4. விற்றவர் கணக்கில் புள்ளி பிசகவில்லை.

ஆனால் அவர் "ஒரே வேகத்தில் அடிக்கும் காற்று" என்று எடுத்துக்கொண்டார். அதோடு, 6.2 யார் பிடிப்பது என்ற கேள்வியையும் விட்டுவிட்டார்.

வீச்சு

கையில் பிடிக்கும் சின்ன காற்றுமானி ஒன்றைக் கொண்டுபோய், ஏரியின் நடுவே பரிசலில் நின்று, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துப் பார்த்தோம். சராசரி 8 நாட் அளவில் இருந்தது. ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ. வீச்சு வரும்போது 17 நாட் வரை போனது. இடையில் முழுதாக அடங்கியும் கிடந்தது.

8க்கும் 17க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு என்று காதுக்குப் படும். விசை வர்க்கத்தில் ஏறுவதால் நான்கரை மடங்கு. 7.5 பாயில் 8 நாட் காற்று தரும் இழுப்பு சுமார் ஏழரை கிலோ. ஒரு கையில் பிடித்துவிடலாம். 17 நாட்டில் அதே பாய் 34 கிலோ இழுக்கும். 58 கிலோ ஆளுக்கு அது தன் எடையில் பாதிக்கு மேல். அந்த இழுப்பு கைமட்டத்துக்கு மேலே, பாயின் நடுப்பகுதியில் செயல்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாய் பெரிதாகப் பெரிதாக அந்தப் புள்ளியும் மேலே போகும், பூமும் நீளும். ஆள் முழுக்கப் பின்னால் சாய்ந்து தொங்கினாலும் எதிர்எடை போதாது. 84 கிலோக்காரர் சமாளித்து ஒரு பக்கம் ஓடியதற்கும், 58 கிலோக்காரர் கிளம்பவே முடியாததற்கும் காரணம் திறமை வித்தியாசம் அல்ல.

படகில் பாயைக் கயிற்றில் கட்டிவிடலாம். விண்ட்சர்ஃபிங்கில் அது முடியாது. ஜிம் டிரேக்கும் ஹோய்ல் ஷ்வைட்சரும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பின் சாரமே, மாஸ்ட் எல்லாப் பக்கமும் சாயும் மூட்டில் நிற்கும், அதைத் தாங்குவது ஆள்தான் என்பது. அதனால்தான் இந்த விளையாட்டில் பாய் அளவைப் பற்றிய பேச்சு எப்போதும் ஆளின் எடையில் போய் நிற்கிறது.

இப்போது முரண் தெரியும். அடர்த்திக் கணக்கு பாயைப் பெரிதாக்கச் சொல்கிறது, ஐந்தில் ஒரு பங்கு. வீச்சுக் கணக்கு சிறிதாக்கச் சொல்கிறது, அது பாதியாக்கு என்று சொல்லும் அளவுக்கு. மலையின் இரண்டு குணங்களும் உண்மை. கற்கிறவர் விஷயத்தில் இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும். காற்று குறைந்தால் நிற்பார், அவ்வளவுதான். காற்று கூடினால் விழுவார், தூக்க முடியாமல் சோர்வார், குளிரில் நடுங்குவார். இரண்டு தவறுகளுக்கும் தண்டனை ஒன்றல்ல.

செல்போன் காட்டிய காற்று

தம்பி ஒவ்வொரு நாளும் வானிலைச் செயலியைப் பார்த்துத்தான் இறங்கினார். அது 9 நாட் என்றது. சராசரியில் பொய் சொல்லவில்லை என்பது வேடிக்கை. ஆனால் அந்தச் செயலிகளுக்குப் பின்னால் இருக்கும் உலக மாதிரிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பார்க்கின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியின் பொதுத் தரவு 0.25 பாகைக் கட்டம், இங்கே பக்கத்துக்கு 27 கி.மீ. அளவு. ஐரோப்பிய மாதிரி இன்னும் நுணுக்கம், 9 கி.மீ. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது; ஆனால் அது முந்நூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கும் சமவெளி. தொட்டபெட்டா முகடும், கோத்தகிரிச் சரிவும், கீழே பாக்குத் தோப்பும் ஒரே கட்டத்துக்குள்ளேயோ பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களிலோ வந்து விழும்போது, அந்த எண் யாருடைய காற்று என்று கேட்பதில் அர்த்தமில்லை. அதுவும் திறந்த வெளியில் தரைக்குப் பத்து மீட்டர் மேலே வீசும் காற்று. சில்வர் ஓக் வரிசைக்குப் பின்னால் தண்ணீர்மட்டத்தில் வீசுவது வேறு.

கடலில் அலை நுனியில் வெள்ளை தெறிக்கத் தொடங்கினால் பத்து நாட்டுக்கு மேல் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். நானூறு மீட்டர் ஏரியில் அலை வளர இடம் இல்லை, அந்த அடையாளம் இங்கே தாமதமாகத்தான் வரும். அதை நம்பினால் காற்றைக் குறைத்தே மதிப்பிடுவோம். இங்கே உதவுவது சில்வர் ஓக் மரம். அதன் இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். வீச்சு இறங்கும்போது மேற்குக் கரை மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுக்கும். சில நொடிகளில் தண்ணீரில் கருத்த சுருக்கம் ஓடி வரும். மாமா இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். மரம் வெளுத்தால் பின்கையை, அதாவது பூமின் பின்பக்கத்தைப் பிடித்திருக்கும் கையை, தளர்த்து என்பதுதான் அவருக்குக் கிடைத்த முதல் உருப்படியான பாடம்.

பாயைக் கட்டிய விதம்

இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 7.5 பாய் தன் அளவைவிட மோசமாக நடந்துகொண்டதற்கு இதுவும் காரணம். பாயின் அடிமூலையை மாஸ்ட்டின் அடியோடு இழுத்துக் கட்டும் கயிறு டவுன்ஹால். இவர்கள் கையால் இழுத்து, துணி சுருக்கமில்லாமல் நின்றவுடன் கட்டிவிட்டிருந்தார்கள். இப்போதைய பாய்களுக்கு அது போதவே போதாது. கப்பி வழியாகக் கயிற்றைக் கோத்து, காலை மாஸ்ட் அடியில் ஊன்றி, முழு உடம்பாலும் இழுக்க வேண்டும். மாஸ்ட் வளைந்து, பாயின் மேல்பகுதிப் பின்விளிம்பு தளர்ந்து தொங்க வேண்டும். பார்ப்பதற்கு ஏதோ கெட்டுப்போன மாதிரி இருக்கும். அந்தத் தளர்வுதான் வீச்சு வரும்போது மேலே திறந்து காற்றை வெளியே விடும். அது இல்லாத பாய் ஒவ்வொரு வீச்சையும் முழுசாகப் பிடித்து ஆளிடம் கொடுக்கும்.

எவ்வளவு இழுப்பது என்ற குழப்பமே வேண்டாம். மாஸ்ட் ஓரத்தின் நீளம், பூம் நீளம், எந்த மாஸ்ட், இவை பாயின் அடிப்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். டேப் வைத்து அளந்தால் முடிந்தது. இவர்களுடைய பாயில் அந்த எழுத்து வெயிலில் மங்கிப்போயிருந்தது. மலை வெயிலில் புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு கூடும். கண்ணாடி போலத் தெரியும் மோனோஃபிலிம் பாய்கள் அதில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். கரையில் விரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது.

சரியாகக் கட்டிய பிறகு 7.5 கொஞ்சம் அடங்கியது. தம்பிக்கு அப்போதும் முடியவில்லை.

4.7

நான் சொன்னது 4.7 சதுர மீட்டர், இலகு துணியில் தைத்த பயிற்சிப் பாய். மாமா முகம் சுளித்தார். 7.5இலிருந்து 4.7 என்றால் பாதிப் பாய் போலத் தெரிகிறது. பணமும் ஒரு பிரச்சினை. பாய் மாறினால் மாஸ்ட்டும் மாறும்: 460 மாஸ்ட்டில் 4.7 ஏறாது, 400 வேண்டும். பழைய செட் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. பாயை மலிவாகப் பிடித்துவிட்டோம் என்று நினைப்பார்கள், பிறகு கார்பன் மாஸ்ட்டின் விலையைக் கேட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

4.7 வந்த பிறகு கணக்கு இப்படி மாறியது. அதே ஏரி, அதே 8 நாட்டில் இழுப்பு நாலரை கிலோவுக்குச் சற்று மேல். 180 லிட்டர் போர்டை டேகர்போர்டு இறக்கி மெதுவாக நகர்த்த அது போதும். வீச்சில் 21 கிலோ. தம்பி முழுச் சாய்வில் தாங்கிவிடுகிறார். தாங்க முடியாவிட்டால் பின்கையை விட்டுப் பாயைத் திறக்க அவகாசம் கிடைக்கிறது. பாயைத் தூக்குவது பிரச்சினையாகவே இல்லை. கற்கிற ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை எழுந்து நிற்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம், எவ்வளவு வேகமாக ஓடினார் என்பதல்ல. எழுந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு பாடம். தூக்க முடியாமல் தண்ணீரில் மிதக்கிற நேரம் வீண்.

தம்பி திரும்பி வரக் கற்றுக்கொண்டார். காற்றை எதிர்த்து மேலேறி, கிளம்பின இடத்துக்கே வந்து இறங்கினார்.

மாமாவுக்குத்தான் மனக்குறை. "இதுக்கு நான் கரையோரமா நடந்தே போயிருவேன்" என்றார். 84 கிலோவுக்கு 8 நாட்டில் 4.7 உண்மையிலேயே சோம்பல்தான். ஆனால் அவரும் திரும்பி வரக் கற்றுக்கொண்டது இந்தப் பாயில்தான் என்பதை அவரே மறுக்கவில்லை.

மண்டபத்தில் நடந்தது

அதன் பிறகு இருவரும் மண்டபம் என்ற கடற்கரை ஊருக்குப் போனார்கள். இராமேசுவரம் பக்கம் அது கச்சான் காற்றுக் காலம். தென்மேற்கிலிருந்து பகல் முழுக்க ஒரே சீராக அடிக்கும். வடக்குக் கரையில், பாக் விரிகுடாவில், தண்ணீர் தட்டையாக இருக்கும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். அதனால் மீட்புப் படகு இல்லாமல் கற்கிறவர் அங்கே இறங்கவே கூடாது. இவர்கள் படகோடு பயிற்சி தருகிற இடத்துக்குத்தான் போனார்கள், நல்லவேளை.

கையில் எடுத்துப் போனது 4.7. மலையில் அடக்கமான பிள்ளையாக இருந்த பாய், தம்பியைக் கீழே முதல் ஓட்டத்திலேயே தூக்கி எறிந்தது. அவருக்குக் குழப்பம்: இந்தப் பாயைத்தான் நான் நன்றாகப் பிடிக்கிறேனே?

கணக்குப் போட்டால் குழப்பம் தீரும். அன்று 20 நாட். காற்று அடர்த்தி 1.15. இந்த இரண்டும் சேர்ந்தால் 4.7 பாயில் இழுப்பு சுமார் 35 கிலோ. ஏரியில் 7.5 பாய் 17 நாட் வீச்சில் கொடுத்த அதே சுமை. அதாவது மலையில் தன்னைத் தோற்கடித்த பாயைத்தான் வேறு உருவத்தில் கடலில் மறுபடி பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்தவர்கள் அவர் கையில் 3.7 கொடுத்தார்கள். நிமிர்ந்தார், ஓடினார்.

மாமாவோ அதே 4.7இல் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போர்டு தண்ணீரைக் கிழித்து மேலெழும்பிச் சறுக்குவதை அனுபவித்தார். ஒரே பாய், ஒரே காற்று, ஒரே மணி நேரம். 26 கிலோ எடை வித்தியாசம்.

விண்ட்சர்ஃபிங் ஆட்களிடம் புழங்கும் தோராயச் சூத்திரம் ஒன்று உண்டு: உடல் எடையை 1.34ஆல் பெருக்கி, காற்று வேகத்தால் வகுத்தால், சறுக்கி ஓடுவதற்கான பாயின் சதுர மீட்டர் வரும். எடை கிலோவில், வேகம் நாட்டில். 20 நாட்டில் தம்பிக்கு 3.9, மாமாவுக்கு 5.6. மண்டபத்தில் நடந்ததோடு இது நன்றாகவே பொருந்துகிறது. மாமா இன்னும் புதியவர் என்பதால் ஒரு படி சிறியதில் இருந்தது சரி. ஆனால் இந்தச் சூத்திரம் கடல்மட்டத்துக்கும் சீரான காற்றுக்கும் உரியது, சறுக்கத் தெரிந்தவர்களுக்கு உரியது. 8 நாட்டைப் போட்டுப் பார்த்தால் தம்பிக்கு 9.7 என்று வரும். ஏரியில் அதை எடுத்துக்கொண்டு இறங்குவது பைத்தியக்காரத்தனம்.

இனி வாங்குவது

கீழே போய்வந்த பிறகு மாமாவின் கோரிக்கை நியாயமாகிவிட்டது: ஏரிக்கும் தனக்கு ஏற்ற பாய் வேண்டும். அவர் 6.5 கேட்டார், ஏற்கெனவே இருக்கும் 460 மாஸ்ட்டில் சில 6.5 பாய்கள் ஏறும், செலவு மிச்சம் என்பது அவர் வாதம். நான் 5.7 என்றேன். மண்டபத்தில் அவர் கைக்குப் பழகிய 4.7ஐ 1.19ஆல் பெருக்கினால் 5.6, ஒரே வேகத்தில் அடிக்கும் காற்றில் மலையில் 5.7 அவருக்கு ஏறத்தாழ அதே கனத்தில் இருக்கும். வீச்சில் 26 கிலோ, 84 கிலோ ஆள் தாங்குவார். 6.5 என்றால் 30ஐ நெருங்குகிறது. இழுப்பைக் கையிலிருந்து உடம்புக்கு மாற்றும் பட்டையான ஹார்னஸைக் கட்டிப் பழகாதவருக்கு, திடீரென்று வந்து போகிற சுமையாக, அது அதிகம். அடர்த்திக் கணக்கு கடைசியில் பயன்பட்டது இந்த இடத்தில்தான்: கைக்குத் தெரிந்த ஒரு பாயை இன்னொரு உயரத்துக்கு மொழிமாற்ற. புதிதாகப் பாய் தேர்ந்தெடுக்க அது உதவாது.

7.5ஐ விற்க வேண்டாம் என்றும் சொன்னேன். 84 கிலோவுக்கு 15 நாட் என்று சூத்திரத்தில் போட்டால் 7.5 வருகிறது. மண்டபத்தில் கச்சான் சற்று இறங்கிய நாட்களுக்கு, ஹார்னஸ் பழகிய பிறகு, மாமாவுக்கு அது சரியான பாய். ஏரிக்கு வேண்டாம்.

தம்பிக்கு ஒரு 3.7 தேவைப்படும், கடலுக்காக. அது 370 மாஸ்ட் கேட்கும் பாயாக இருந்தாலும், பாயின் உச்சியில் உள்ள தலைப்பட்டை நீளும் வகையாகப் பார்த்து எடுத்தால் 400 மாஸ்ட்டிலேயே நுனி வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டலாம். 5.7இலும் மாஸ்ட் ஓரம் 440 செ.மீ. அளவில் உள்ளதாகத் தேர்ந்தால் அதே 400 மாஸ்ட்டும் ஒரு நீட்டிப்புக் குழாயும் போதும், அந்தப் பாய் அதை ஏற்கும் என்று அச்சிட்டிருந்தால். மூன்று பாய்க்கு ஒரு மாஸ்ட். 3.7, 4.7, 5.7 என்ற இடைவெளியும் மோசமில்லை. சின்னப் பாய்களில் ஒரு சதுர மீட்டர் பெரிய தாவல்தான், ஆனால் இரண்டு எடை ஆட்கள் பகிர்ந்துகொள்ளும் செட்டில் அது ஓடிவிடும்.

இத்தனைக்கும் நடுவே மாமாவின் மகள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், 34 கிலோ. அவளுக்கு 4.7ஐக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கூடாது. குழந்தைகளுக்கென்று 1.5 முதல் 3.5 வரை பாய்கள் இருக்கின்றன. மெல்லிய மாஸ்ட், சின்னக் கை பிடிக்கும் பூம். அவளுக்கு 2.5 சரியாக இருக்கும். லைஃப் ஜாக்கெட்டும் உடம்போடு ஒட்டும் ரப்பர் உடையும் அதற்கு முன்னால் வாங்க வேண்டும். ஏரியின் மேற்கு மூலையில் மரம் மறைக்கும் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில், போர்டின் பின்பக்கம் ஒரு நீளக் கயிறு கட்டி ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.